வட்ட வீட்டின் வைராக்கியம்

கட்ச் பகுதியின் மண் வீடுகள் கோடையையும் தாங்குகின்றன, பூகம்பத்தையும் தாங்கின. ஆனால் அரசாங்க ஏட்டில் அவை இன்னமும் ‘கச்சா’தான்.

மே மாத மதியம் இரண்டு மணி. குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், ரண் உப்புவெளியை ஒட்டிக் கிடக்கும் பன்னீ புல்வெளியில் அந்த நேரத்தில் எருமைகள்கூட மேய்வதில்லை. கிடைத்த குட்டையில் இறங்கிக் கிடக்கின்றன. வெயில் 43, 44 டிகிரியைத் தொடுவது இங்கே செய்தி அல்ல. இந்தக் கிராமங்களின் முற்றங்களில் இப்போதெல்லாம் இரண்டு வகைக் கட்டடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். ஒன்று, சிமெண்ட் பூசி, தட்டையாகக் கான்கிரீட் கூரை போட்ட சதுர அறை. மற்றொன்று, புல் வேய்ந்த கூம்புத் தொப்பியைக் கவிழ்த்தாற்போல் நிற்கும் வட்டமான மண் வீடு. பெயர் புங்கா. பெருமைக்கு முதலாவது, மதியத் தூக்கத்துக்கு இரண்டாவது. பீரோவும் பெட்டிகளும் கான்கிரீட் அறைக்குப் போக, கட்டிலும் கிழவியும் கைக்குழந்தையும் மண் வீட்டுக்குள்தான்.

புங்காவுக்குள் குனிந்து நுழைந்தால் முதலில் ஒன்றும் தெரிவதில்லை. வெளியே கண்ணைக் கூசவைத்த வெளிச்சம் வாசலோடு நின்றுவிடுகிறது. கண் பழகியதும் சுவரில் பதித்த சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகள் மினுங்குகின்றன. பிறகுதான் உடம்பு உணர்கிறது: மின்விசிறி இல்லாமலே உள்ளே சூடு கணிசமாகக் குறைந்திருக்கிறது.

இது மந்திரம் அல்ல, வடிவமைப்பு. எழுதப் படிக்கத் தெரியாத மேய்ச்சல்காரக் குடும்பங்கள் பல தலைமுறைகளாகப் பிழை திருத்தித் திருத்திச் செம்மைப்படுத்திய வடிவமைப்பு. வெப்பமான ஊரில், குறைந்த செலவில், சிறிய மண் வீடு ஒன்றை எப்படிக் கட்டுவது என்று இன்று கட்டடக் கலைஞர்கள் கேட்கும் கேள்விகள் பலவற்றுக்கும் இந்த ஒற்றை அறையில் விடை இருக்கிறது. விடையோடு சில எச்சரிக்கைகளும்.

1819-இன் பாடம்

2001 ஜனவரி 26 காலை 8.46 மணிக்குக் கட்ச் குலுங்கியபோது நாடே குடியரசு தினக் கொண்டாட்டத்தில் இருந்தது. அஞ்சார் நகரில் குறுகலான தெருவில் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் இரு பக்கமும் சரிந்த கட்டடங்களுக்கு அடியில் புதைந்தார்கள். பூகம்பத்தின் மையம் பச்சாவ் வட்டத்தில் இருந்தது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் அதன் அளவு 7.7. அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 13,800-க்கும் அதிகம். லட்சக்கணக்கான வீடுகள் இடிந்தன. புஜ் நகரின் அடுக்குமாடிகளும் பழைய கல் வீடுகளும் மண்மேடாயின.

இடிபாடுகளைக் கணக்கெடுக்கப் போன பொறியாளர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. பாதிப்பு கடுமையாக இருந்த பகுதிகளிலும் பெரும் சேதமடைந்த புங்காக்கள் மிகச் சிலவே. அப்படிச் சேதமடைந்தவற்றிலும் மட்டமான பொருளும் பராமரிப்புக் குறைவுமே முக்கியக் காரணங்களாகத் தெரிந்தன. ‘பக்கா’ என்று பெயர் வாங்கிய கட்டடங்கள் விழுந்துகிடந்த மாவட்டத்தில் ‘கச்சா’ குடிசைகள் நின்றுகொண்டிருந்தன.

கட்சுக்கு இது முதல் அதிர்ச்சி அல்ல. 1819 ஜூன் 16-இல் வந்த பூகம்பம் இன்னும் பயங்கரமானது. அன்று சிந்திரி கோட்டை நீரில் அமிழ்ந்தது. ரண் வெளியின் குறுக்கே 80 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்துக்குத் தரை மேடாக எழும்பியது. மனிதன் கட்டாத அந்த அணைக்கு ‘அல்லா பந்த்’, அதாவது கடவுளின் அணை, என்றே மக்கள் பெயர் வைத்தார்கள். 1956-இல் அஞ்சார் மறுபடி இடிந்தது. 1819-க்குப் பிறகுதான் வட்ட வடிவம் இங்கே பரவலாக வேரூன்றியது என்பது கட்சில் வழங்கும் கருத்து. அழிவு கற்றுக்கொடுத்ததைச் சுவராக எழுப்பிவைத்தவர்கள் இவர்கள்.

வடிவம் எளிமையானது. 3 முதல் 6 மீட்டர் குறுக்களவுள்ள ஒரே ஒரு வட்ட அறை. பச்சைச் செங்கல்லாலோ, வரிச்சுக் கட்டி மண் அப்பியோ எழுப்பிய கனமான சுவர். ஒரு கதவு, இரண்டு சிறிய ஜன்னல். சுவரின் மேல் குறுக்காக ஓர் உத்தரம். அதன் நடுவில் நிற்கும் குட்டையான மரத்தூண் கூம்பின் உச்சியைத் தாங்குகிறது. உச்சியிலிருந்து குடைக் கம்பிகள்போல் கழிகள் நாலாபக்கமும் இறங்குகின்றன. மேலே புல். குடும்பம் பெருகினால் அறையைப் பெரிதாக்குவதில்லை. அதே திண்ணைமேடையில் இன்னொரு புங்கா எழுகிறது. படுக்க ஒன்று, சமைக்க ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று. நடுவில் இருக்கும் மேடைதான் உண்மையான கூடம்.

வெயிலுக்கு ஒரு வேகத்தடை

வெப்ப நாட்டு வீட்டைத் திட்டமிடுபவர்கள் வழக்கமாகச் சுவரிலிருந்து தொடங்குகிறார்கள். கட்ச்காரர்கள் கூரையிலிருந்து தொடங்கினார்கள். காரணம் தலைக்கு மேலேயே இருக்கிறது. கடகரேகை கட்ச் வழியாகத்தான் போகிறது. ஜூன் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அப்போது சுவரைவிடக் கூரையே அதிக வெயிலை வாங்குகிறது. பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம் அந்த உஷ்ணத்தை மூன்று, நான்கு மணி நேரத்தில் உள்ளே இறக்கிவிடும். மதியம் குடித்த வெயிலை மாலையில், ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில், கக்கத் தொடங்கும். புல் கூரையின் கதை வேறு. அதன் தாள்களுக்கு இடையே சிறைப்பட்டிருக்கும் காற்று வெப்பத்தைச் சுலபத்தில் கடத்துவதில்லை. கூம்பு உயரமாக இருப்பதால் மேலேறும் சூடான காற்றும் தலைக்கு மேல், ஆளுக்கு எட்டாத இடத்தில் தங்கிவிடுகிறது.

அடுத்தது சுவர். மண் சுவர் வெயிலைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. ஓர் அடி கனமுள்ள பச்சை மண் சுவரின் வெளிப்பக்கம் பட்ட சூடு உட்பக்கம் வந்து சேர ஏறத்தாழ எட்டு, பத்து மணி நேரம் ஆகும். மதியத்து வெயில் வீட்டுக்குள் எட்டிப்பார்க்கும்போது வெளியே இரவாகி, காற்று குளிர்ந்திருக்கும். கதவைத் திறந்துவைத்தால் வந்த சூடு வந்த வழியே போய்விடும். இரவு முழுக்கக் குளிர்ந்த சுவர் மறுநாள் பகலுக்குத் தயார். குளிர்காலத்தில் இதே கணக்குத் தலைகீழாக உதவுகிறது. கட்ச் மாவட்டத்தின் நலியா, குஜராத்திலேயே அதிகக் குளிரடிக்கும் ஊர்களில் ஒன்று. பகல் வெயிலைச் சேமித்து வைத்த சுவர் அங்கே இரவில் கணப்பாகிறது.

வட்டத்துக்கும் வெயிலோடு சம்பந்தம் உண்டு. 5 மீட்டர் குறுக்களவுள்ள வட்ட அறையின் பரப்பு 19.6 சதுர மீட்டர். சுற்றுச்சுவரின் நீளம் 15.7 மீட்டர். இதே பரப்பைச் சதுரமாகக் கட்டினால் சுவர் 17.7 மீட்டருக்கு நீளும். அதாவது வட்டத்தில் வெயில் படும் சுவர் 2 மீட்டர் குறைவு, மண்ணும் உழைப்பும் அதற்கேற்பக் குறைவு. சதுர வீட்டின் மேற்குச் சுவர் முழுவதுமாக மாலை வெயிலை நேருக்கு நேர் வாங்கும். வளைந்த சுவரிலோ வெயில் ஒரு பட்டையில்தான் நேராக விழுகிறது, மற்ற இடங்களில் சாய்ந்து நழுவிவிடுகிறது. ரண் வெளியிலிருந்து வீசும் மணற்காற்றும் அப்படியே. மோதி நிற்க ஒரு மூலை கிடைக்காமல் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது.

ஜன்னல்கள் சிறியவையாக இருப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. பாலைக் கோடையில் பகல் காற்று அனல். அதை உள்ளே அழைப்பது விருந்தாளி வேஷத்தில் வந்த திருடனை அழைப்பதற்குச் சமம். ஜன்னல்கள் தாழ்வாக இருக்கின்றன. தரையில் அல்லது கட்டிலில் உட்கார்ந்திருப்பவர் மேல் காற்றுப் படவேண்டும் என்பதே நோக்கம், நின்றுகொண்டிருப்பவர் வேடிக்கை பார்க்க அல்ல. உள்ளே படிந்திருக்கும் வெள்ளைக் களிமண் பூச்சும் கண்ணாடிச் சில்லுகளும் அலங்காரம்தான், ஆனால் வெறும் அலங்காரம் அல்ல. வாசல் வழியே வரும் கொஞ்ச வெளிச்சத்தை அறை முழுக்கப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. ‘லிப்பன் காம்’ என்ற இந்த வேலைப்பாடு இன்று மும்பை, டெல்லி வரவேற்பறைகளில் பலகையில் ஒட்டிய கலைப்பொருளாகத் தொங்குகிறது. பிறந்த இடத்தில் அது விளக்கின் தம்பி.

மண் கொன்ற கதை

இவ்வளவையும் கேட்டுவிட்டு, மண்ணால் கட்டினால் போதும், குளிர்ச்சியும் பாதுகாப்பும் தானாக வந்துவிடும் என்று முடிவுகட்டினால் அது விபரீதம். 2001-இல் மிக அதிக உயிர்களைக் குடித்தவற்றில் மண் சாந்து வைத்து ஒழுங்கற்ற கற்களை அடுக்கிய வீடுகளே முன்னணியில் இருந்தன. அவையும் பழைய வீடுகள்தான், உள்ளூர்ப் பொருள்தான். குலுங்கியதும் கற்கள் பிரிந்து சரிந்தன. கனமான கூரை மேலே இறங்கியது.

ஆகவே புங்காவைக் காப்பாற்றியது மண் மட்டும் அல்ல. சதுர வீட்டின் நீளச் சுவர் பூமி ஆடும்போது தனித்தனிப் பலகைபோல வெளிப்பக்கமாகத் தள்ளப்படுகிறது. மூலைகளில் விரிசல் தொடங்கி, சுவர் கழன்று விழுகிறது. வட்டச் சுவருக்கு மூலையே இல்லை. எந்தப் பக்கம் தள்ளினாலும் வளைவு அந்தப் பாரத்தைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்கிறது. சுவர் குட்டை, கனம் அதிகம், திறப்புகள் மூன்றே மூன்று. எல்லாவற்றுக்கும் மேலாகக் கூரை இலேசானது. அது விழுந்தாலும் ஆளைக் கொல்லாது.

புல்லுக்குப் பதில் கனமான ஓடு வேய்ந்த புங்காக்களும் உண்டு. உத்தரத்தைச் சுவர் மேல் வைக்காமல், வெளியே நட்ட இரண்டு மரத்தூண்களில் தாங்கவைப்பதும் உண்டு. இந்த இரண்டாவது ஏற்பாடு கூரைப் பாரத்தைச் சுவரிலிருந்து பிரித்துவிடுவதால் புத்திசாலித்தனமானது. முதலாவது, வடிவத்தை வைத்துக்கொண்டு அதன் உயிரை எடுத்துவிடும் காரியம்.

ஐந்து உருண்டைச் சோதனை

வட்டமாகக் கட்ட மனமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மண் வீடுகளைப் பூகம்பம் தாங்கும்படி கட்டுவதற்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1993-இல் ஐ.எஸ். 13827 என்ற வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. பொறியாளர் மொழியில் இருந்தாலும் சாரம் எந்தக் கொத்தனாருக்கும் புரியும். சுவரின் உயரம் அதன் கனத்தைப்போல் எட்டு மடங்கைத் தாண்டக்கூடாது. குறுக்குச் சுவர் எதுவும் இல்லாமல் ஒரு சுவர் தன் கனத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் நீளக்கூடாது. கதவு, ஜன்னல் எதுவும் 1.2 மீட்டருக்கு மேல் அகலக்கூடாது. மூலையிலிருந்து திறப்பு 1.2 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும். சுவரின் மேல்மட்டத்தில் வீட்டைச் சுற்றி மரத்தால் ஒரு கட்டுப்பட்டை ஓடவேண்டும், பீப்பாய்க்கு இரும்பு வளையம் போட்டதுபோல.

ஒரு சின்ன வீட்டுக்கு இதைப் பொருத்திப்பார்த்தால் கணக்குப் பிடிபடும். சுவர் 40 சென்டிமீட்டர் கனம் என்றால் நீளம் 4 மீட்டரோடு நிற்கவேண்டும், உயரம் 3.2 மீட்டருக்குள் இருக்கவேண்டும். நாலுக்கு நாலு மீட்டரில் ஓர் அறை. 4 மீட்டர் சுவரில் இரண்டு மூலைகளுக்கும் 1.2 மீட்டர் விட்டால் நடுவில் மிஞ்சுவது 1.6 மீட்டர். அதில் ஒரு வாசலோ ஜன்னலோதான் வைக்கமுடியும். சிறிய அறை, சில திறப்புகள், தடித்த சுவர் என்று பாலை வெயில் கேட்கும் அதே வீட்டைத்தான் பூகம்ப விதியும் கேட்கிறது. இரண்டு எதிரிகளுக்கும் ஒரே கேடயம். இன்னோர் அறை தேவைப்பட்டால் அதைப் பெரிதாக்காமல், புங்கா குடும்பங்களைப்போல, தனியே சேர்த்துக்கொள்வது உத்தமம்.

மண்ணைத் தேர்ந்தெடுக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஈர மண்ணில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு ஐந்தாறு உருண்டைகள் பிடித்து இரண்டு நாள் காயவிடவேண்டும். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து நசுக்கவேண்டும். ஒன்றுகூட உடையவில்லை என்றால் போதுமான களி இருக்கிறது. உடைந்தால் அந்த மண் சுவருக்கு ஆகாது. களி அதிகமானால் காயும்போது வெடிக்கும். மணலையோ வைக்கோலையோ கலந்து சரிசெய்யலாம். பன்னீயின் தரை உப்பு மண். உப்பு ஏறிய மண்ணில் பூச்சு பொருக்குத் தட்டி உதிரும். எனவே குளத்தடிக் களிமண்ணைத் தேடிப் போகிறார்கள்.

மண் வீட்டின் ஜென்ம விரோதி வெயில் அல்ல, தண்ணீர். நல்ல தொப்பியும் நல்ல செருப்பும் கொடு என்பதே அது கேட்கும் வரம். தொப்பி, சுவரைத் தாண்டி நீளும் இறவாணம். செருப்பு, மழைத்தண்ணீர் எட்டாத உயரத்துக்குக் கல்லால் கட்டிய கடைக்காலும் மேடையும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் சுவரின் அடி கரைந்து, சில மழைக்காலங்களில் வீடு முழங்காலிட்டுவிடும். மழை குறைந்த கட்சில்கூட இதை அலட்சியம் செய்யமுடியாது. 2023 ஜூனில் பிபர்ஜாய் புயல் கரைகடந்தது இந்த மாவட்டத்தின் ஜக்காவ் துறைமுகத்துக்கு அருகேதான்.

யாருடைய கை?

மண் வீட்டின் புகழ் பாடுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் செலவு ஒன்று உண்டு. அது ரூபாயில் வருவதில்லை. மழைக்குப் பிறகு சுவர் முழுவதையும் களிமண்ணும் சாணியும் குழைத்துப் பூசியாகவேண்டும். தரையை மெழுகவேண்டும். லிப்பன் வேலைப்பாட்டில் உதிர்ந்ததைத் திருப்பி எழுப்பவேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரைப் புல்லை மாற்றவேண்டும். கூரை வேய்வது ஆண்களின் வேலை. பூச்சும் மெழுக்கும் பெண்களின் வேலை, கூலி இல்லாத வேலை. தண்ணீர் சுமப்பது, மாட்டைப் பார்ப்பது, துணியில் தையல் போடுவது எல்லாம் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் நேரத்தில் செய்யும் வேலை.

கான்கிரீட் அறை வேண்டும் என்று முதலில் கேட்பவர் வீட்டுப் பெண்ணாக இருந்தால் அதில் ஆச்சரியம் ஏதுமில்லை. அவருக்குச் சிமெண்ட் என்பது நாகரிக மோகம் அல்ல, வருடத்தில் சில வாரங்களின் விடுதலை. போதாததற்குப் புல் கூரையில் தீப்பிடிக்கும் பயம், கரையான், தேள், எலி. இவற்றுக்குப் பதில் சொல்லாமல் மண் வீட்டின் குளிர்ச்சியை மட்டும் வர்ணிப்பது ஏர்கண்டிஷன் அறையில் உட்கார்ந்து கிராமத்தைப் புகழ்வதுபோலத்தான்.

இந்த இடத்தில்தான் புதிய தொழில்நுட்பம் கைகொடுக்கிறது. 2001 பூகம்பத்துக்குப் பிறகு புஜ் நகரில் உருவான ஹுன்னர்ஷாலா அறக்கட்டளை உள்ளூர்க் கைவினைஞர்களோடு சேர்ந்து மண் சுவரையும் புல் கூரையையும் திருத்தி அமைக்கும் வேலையில் இறங்கியது. ‘திறமைக் கூடம்’ என்பது அந்தப் பெயரின் பொருள். திமிசு போட்டு இடித்து இறுக்கிய மண் சுவர், வரிச்சுச் சுவர், அழுத்திச் செய்த மண்கல் என்று பலவகைச் சுவர்களை அது மறுபடியும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. கைவினைஞர்களுக்கென்று பயிற்சிப் பள்ளியும் நடத்துகிறது.

தமிழ்நாட்டின் ஆரோவில்லும் இந்தக் கதையில் வருகிறது. 1989-இல் தொடங்கப்பட்ட அங்குள்ள மண் கட்டடக் கலை நிறுவனம், சுமார் ஐந்து சதவீதம் சிமெண்ட் கலந்த மண்ணை எந்திரத்தில் அழுத்திக் கற்களாக்கும் முறையில் பெயர்பெற்றது. சூளை இல்லை, விறகு இல்லை. நிழலில் வைத்து நனைத்தால் கல் தயார். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் துளைக்கற்களை அடுக்கி, துளைகளில் கம்பி நிறுத்திக் கான்கிரீட் நிரப்பும் முறையைக் குஜராத் அரசு பூகம்பப் பகுதிக்கு ஏற்றதென்று அங்கீகரித்தது. ஒரு தொண்டு நிறுவனம் அந்த முறையில் 2,600-க்கும் மேற்பட்ட கட்டடங்களைக் கட்டியது. இவற்றின் சுவர் எளிதில் கரையாது, வருடாந்தரப் பூச்சும் தேவைப்படாது. விலையாகக் கொஞ்சம் சிமெண்டும் கொஞ்சம் எந்திரமும். சுத்த சுயம்பிரகாச மண் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இது சமரசமாகத் தோன்றலாம். வருடாவருடம் பூசுகிற கைகளுக்கு அப்படித் தோன்றாது.

கச்சா எது, பக்கா எது?

மண் வீட்டுக்கு வெயிலைவிடப் பெரிய சோதனை தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. அரசாங்கக் கணக்கெடுப்பில் புல், மூங்கில், மண், சுடாத செங்கல் எல்லாம் ‘கச்சா’ வரிசை. சுட்ட செங்கல், கல், கான்கிரீட் ‘பக்கா’ வரிசை. 2016-இல் தொடங்கிய பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டம் வீடற்றவர்களோடு, கச்சாச் சுவரும் கச்சாக் கூரையும் கொண்ட ஓரிரு அறை வீடுகளில் வசிப்பவர்களையும் பயனாளிகளாக எடுத்துக்கொண்டது. சமவெளிப் பகுதிக்கு ரூ.1.2 லட்சம் உதவி, வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர் என்று வகுத்தது. ஒழுகும் ஓலைக் குடிசையில் கிடப்பவருக்கு இது வரப்பிரசாதம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு அடி நிலை உயர்த்தி, தடித்த சுவரோடு, பூகம்பம் தாங்கி நின்ற புங்காவும் அதே ‘கச்சா’ முத்திரைக்குள் அடங்கிவிடுகிறது. முத்திரை விழுந்த வீட்டில் இருக்கிறவர் தான் ஏழை என்பதை வீடே ஊருக்குச் சொல்வதாக நினைக்கத் தொடங்குகிறார். கையில் காசு சேர்ந்ததும் முதல் வேலை அதிலிருந்து வெளியேறுவது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான குடும்பங்கள் மண் அல்லது சுடாத செங்கல் சுவர்களுக்குள் வாழ்ந்தன. அவர்களில் பலர் அடுத்து நுழைவது தட்டைக் கான்கிரீட் கூரைக்குக் கீழேதான். கோடைகள் கடுமையாகி வரும் காலம் இது. 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாதில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக ஆய்வு ஒன்று கணக்கிட்டது. 2013-இல் அந்த நகரம் வெப்பத்தைச் சமாளிக்கச் செயல்திட்டம் வகுத்தது. பிற்பாடு ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையும் அதில் சேர்ந்தது. மின்சாரமும் குளிர்சாதனமும் இல்லாதவருக்குக் கூரையும் சுவரும்தான் கடைசிப் பாதுகாப்பு. அதைப் பறித்துவிட்டு ‘பக்கா’ என்று சான்றிதழ் தருவது விசித்திரமான வளர்ச்சி.

வழி தெரியாமல் இல்லை. பூகம்பத்துக்குப் பிறகு குஜராத்தில் பெரும்பாலான குடும்பங்கள் அரசு தவணை தவணையாகத் தந்த பணத்தில், பொறியாளர்கள் மேற்பார்வையில், தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டன. வீட்டுக்காரர் கையில் முடிவெடுக்கும் உரிமை வந்தபோது கட்சின் சில கிராமங்கள் புங்காவையே திரும்பத் தேர்ந்தெடுத்தன. லூடியா கிராமத்தில் ‘காந்தி நு காம்’ என்ற குடியிருப்பு அப்படி எழுந்தது. மத்திய கிராம வளர்ச்சி அமைச்சகமும் மாநிலவாரியாக உள்ளூர் மண்ணுக்கும் தட்பவெப்பத்துக்கும் ஏற்ற வீட்டு மாதிரிகளை ‘பஹல்’ என்ற தொகுப்பாக வெளியிட்டது. மாதிரி காகிதத்தில் இருக்கிறது. அதைக் கட்டத் தெரிந்த கொத்தனாரும், அதற்குச் சம்மதிக்கும் அதிகாரியும் ஒரே ஊரில் அமைவதுதான் அபூர்வம்.

ஊருக்கு ஒரு வீடு

அதற்காகப் புங்காவைப் பெயர்த்துக்கொண்டுபோய் எல்லா ஊரிலும் நடமுடியாது. தடித்த சுவரின் வித்தை பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் உள்ள வறண்ட பிரதேசத்தில்தான் பலிக்கும். சென்னை, கொச்சி, கொல்கத்தா போன்ற ஈரப்பதமான ஊர்களில் இரவிலும் காற்று குளிர்வதில்லை. அங்கே சிறிய ஜன்னலும் தடித்த சுவரும் புழுக்கப்பெட்டி ஆகிவிடும். அங்கு தேவை பெரிய திறப்புகள், ஆழமான தாழ்வாரம், குறுக்கே ஓடும் காற்று. 2007-இல் மறைந்த லாரி பேக்கர் கேரளத்தில் துவாரங்கள் விட்டு அடுக்கிய செங்கல் சுவர்களைக் கட்டியது இந்தக் காரணத்தால்தான். கட்சிலேயேகூட, காற்று குளிராத இரவுகளில் குடும்பம் கட்டிலைத் தூக்கிக்கொண்டு திண்ணைமேடைக்கு வந்துவிடுகிறது. மேடையும் வீட்டின் ஓர் அறைதான், அதன் கூரை வானம்.

இன்னொரு எச்சரிக்கை எகிப்திலிருந்து வருகிறது. 1940-களில் ஹசன் ஃபாத்தி என்ற கட்டடக் கலைஞர் லக்சர் நகருக்கு அருகே புதிய குர்னா என்ற கிராமத்தைப் பச்சைச் செங்கல்லால் கட்டினார். கவிந்த கூரைகள், குளிர்ந்த முற்றங்கள் என்று உலகமே மெச்சிய வேலை. ஆனால் அங்கே குடியேற வேண்டியவர்களில் பெரும்பாலோர் வர மறுத்துவிட்டார்கள். பழைய ஊரில்தான் அவர்களின் பிழைப்பு இருந்தது. வீடு எத்தனை குளிர்ச்சியாக இருந்தாலும் அதைக் கேட்காதவர் தலையில் கட்டமுடியாது. மண் வீட்டின் எதிர்காலம் மண்ணில் இல்லை. அதில் குடியிருக்கப்போகிறவர் அதை விரும்புகிறாரா என்பதில் இருக்கிறது.

கட்சில் அந்த விருப்பத்தை இப்போது எதிர்பாராத திசையிலிருந்து வந்தவர்கள் கிளறிவிட்டிருக்கிறார்கள். ரண் உற்சவத்துக்காக ஆண்டுதோறும் வரும் சுற்றுலாப் பயணிகள் வெள்ளை உப்புவெளியைப் பார்த்துவிட்டு, ஒரு ராத்திரி புங்காவில் தங்க ஆசைப்படுகிறார்கள். ஹோட்கா கிராமத்தார் தாங்களே நடத்தும் விடுதியில் களிமண் பூசிய புங்காக்களுக்குக் கிராக்கி இருக்கிறது. கண்ணாடிச் சில்லு பதித்த சுவரின் முன்னால் நின்று நகரத்துக் குடும்பங்கள் படம் எடுத்துக்கொள்கின்றன. சுவரைப் பூசும் வேலைக்கு அங்கே கூலி உண்டு.

முற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அந்த இரண்டு கட்டடங்களின் வழக்கு இன்னும் தீரவில்லை. கான்கிரீட் அறை பக்கா என்று காகிதம் சொல்கிறது. அதன் பக்கம் பதிவேடும் பட்டாவும் இருக்கின்றன. மண் வீட்டின் பக்கம் இரண்டு சாட்சிகள்தான். ஒன்று, 2001 ஜனவரி 26 காலை. மற்றது, ஒவ்வொரு மே மாதமும் மதியம் இரண்டு மணிக்கு எந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்காரர் உள்ளே போகிறார் என்பது.